ப்ளீச் போதவில்லை என்றால் இன்னும் ஊற்றலாமா?

பிப்ரவரி 2, மாலை (வாசகர் கேள்வி)

வெள்ளைச் சட்டை ஒன்றைப் புதுச் சிவப்புத் துணியோடு சேர்த்து இரவு முழுவதும் ஊறவைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் சட்டை முழுவதும் ரோஜா நிறம், அதுவும் திட்டுத் திட்டாக. இரண்டு மூடி ப்ளீச் விட்டு ஒரு மணி நேரம் வைத்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. இன்று ஒரு குப்பியையே கவிழ்த்து நாளைவரை விடலாம் என்றிருக்கிறேன். சாயத்தை எடுப்பதற்குத்தானே ப்ளீச், அளவு கூடினால் வேலையும் கூடத்தானே வேண்டும்? கூடவே இன்னொன்று. கரும்பச்சைச் சட்டை ஒன்று இருக்கிறது. அதை வெள்ளையாக்கி இளநீலச் சாயம் ஏற்ற ஆசை. அதற்கும் இதே வழிதானா?

பிப்ரவரி 2, இரவு

ஊற்றாதீர்கள். குப்பியை மூடி எட்டாத இடத்தில் வையுங்கள்.

சட்டை என்ன துணி? பருத்தியா, பாலியஸ்டரா, இரண்டும் கலந்ததா? கழுத்துப் பட்டையின் உட்புறம் லேபிள் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். துணி தெரியாமல் சொல்லும் எந்த யோசனையும் குருட்டு யோசனைதான்.

அதுவரை சட்டையை ஈரத்திலேயே வைத்திருங்கள். இஸ்திரி வேண்டாம். சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரமும் வேண்டாம்.

பிப்ரவரி 3

துணி என்னவென்று பதில் இல்லை. பருத்தி என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

நீங்கள் கேட்டவை ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு. வெள்ளைச் சட்டையில் இருப்பது விருந்தாளிச் சாயம். சிவப்புத் துணியில் சரியாகப் பிடிக்காமல் மிச்சமாக நின்றது, தண்ணீரில் இறங்கி, பக்கத்தில் கிடந்த சட்டையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தன் சொந்தத் துணியிலேயே நிலைக்காத சாயம் உங்கள் சட்டையில் மட்டும் வேர்விட்டிருக்காது. அதை வெளியேற்றுவதற்கு முதலில் வேண்டியது சூடும், சோப்பும், நிறையத் தண்ணீரும்தான். பச்சைச் சட்டையின் சாயம் அப்படியல்ல. அது வீட்டுக்காரர். கிளப்ப வேண்டுமென்றால் இடித்துத்தான் கிளப்ப வேண்டும்.

வெள்ளைச் சட்டைக்கு: ப்ளீச் வாசனை போகும்வரை குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிறகு துணி தாங்கும் அளவு சூடான நீர். பருத்தியானால் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வரை போகலாம். சலவைத் தூள் போட்டு அரை மணி நேரம். தண்ணீரில் நிறம் இறங்கினால் உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் இறங்கிய சாயம் திரும்பவும் ஏறும். எனக்கு ஒருமுறை ஐந்து தண்ணீர் ஆனது. மூன்றாவதிலேயே சலித்துப்போய் விட்டுவிடலாமா என்று தோன்றியது. நான்காவது தண்ணீர்தான் எல்லாவற்றையும் விடச் சிவப்பாக வந்தது.

அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் ஆக்சிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட். அது நீரில் கரைந்ததும் சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். 40 முதல் 60 டிகிரி வரையுள்ள நீரில் கரைத்து, சில மணி நேரம் ஊறவிடலாம். கரைசலைக் குப்பியில் இறுக மூடி வைக்காதீர்கள். வாயு வெளிவந்துகொண்டே இருக்கும், குப்பி வெடிக்கும்.

பிப்ரவரி 3, பிற்பகல்

உப்பும் வினிகரும் போட்டால் சாயம் "கட்டிவிடும்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முதலில் ஒன்று, இங்கே கேட்டிருப்பது கட்டுவதற்கல்ல, கழற்றுவதற்கு. அடுத்தது, கட்டவும் கட்டாது. சாயத் தொட்டியில் உப்புப் போடுவது, நீரில் மிதக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்கு. அதே உப்பு நீரில் சாயம் போகும் துணியை ஊறவைத்தால், அப்போதைக்குத் தண்ணீர் தெளிவாகத் தெரியும். அடுத்த சலவையில் உப்பில்லாத நீரில் பழையபடி ஓடும். வினிகருக்கு வேலை இருப்பது கம்பளி, பட்டு, நைலான் ஆகியவற்றில் ஏற்றும் அமிலச் சாயங்களில், அதுவும் சாயம் ஏற்றும்போது. பருத்தியில் அது சும்மா.

பிப்ரவரி 5

இப்போது பச்சைச் சட்டை. எனக்கும் ஒன்று இருந்தது, அதனால்தான் இவ்வளவு ஆவேசம்.

நல்ல அடர்பச்சை, தடித்த பருத்தி. வெள்ளையாக்கிப் பார்க்கலாம் என்று குளோரின் ப்ளீச்சில், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டில் போட்டேன். தண்ணீர் கலக்கவில்லை. குப்பியில் எழுதியிருந்ததைப் படித்தேன், ஆனாலும் கலக்கவில்லை. பத்து நிமிடத்தில் பச்சை மங்கி அழுக்கு மஞ்சளானது. அங்கேயே நின்றிருக்க வேண்டும். மஞ்சளும் போய்விடும் என்று இன்னும் ஒரு மணி நேரம் விட்டேன். மஞ்சள் அசையவில்லை. மூன்றாவது சலவையில் முழங்கைப் பக்கம் வழிவிட்டது. கிழிந்தது என்று சொல்ல மாட்டேன். உதிர்ந்தது. விரலால் தள்ளினால் விரல் மறுபக்கம் வந்தது.

நடந்தது இதுதான். அந்தப் பச்சை ஒரே சாயமல்ல, நீலமும் மஞ்சளும் கலந்தது. குளோரின் நீலத்தைத் தின்றது, மஞ்சளைத் தொடவில்லை. தின்பதற்குச் சாயம் தீர்ந்த பிறகு அது சும்மா இருக்குமா? நூலைத் தின்னத் தொடங்கியது. பருத்தி என்பது செல்லுலோஸ். ஆக்சிஜனேற்றத்தில் அதன் நீளமான சங்கிலிகள் அறுபடும். பார்வைக்குத் துணி அப்படியே இருக்கும், வலு போயிருக்கும்.

அதனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: கூடாது. நீர்த்துப் போடுங்கள், ஒன்றுக்கு ஐந்து பங்காவது தண்ணீர். நிறம் மாறுவது நின்றதும் வெளியே எடுங்கள். மாறாத நிறம் ப்ளீச்சைக் கூட்டினாலும் மாறாது. துணிதான் மாறும்.

பட்டு, கம்பளி, நைலான், எலாஸ்டிக் நூல் கலந்தவை எதுவும் குளோரின் பக்கமே போகக்கூடாது. கம்பளியும் பட்டும் ஹைப்போகுளோரைட்டில் கரைந்தே போகும். மிகைப்படுத்தவில்லை. கலப்புத் துணியில் கம்பளி எத்தனை பங்கு என்று அளப்பதற்கு ஆய்வுக்கூடங்களில் அதைக் கரைத்துப் பார்ப்பது ஒரு முறை.

பிப்ரவரி 5, இரவு

மேலே எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். மனது கேட்கவில்லை.

அந்தப் பச்சைச் சட்டையை வெளியே எடுத்த பிறகு, குளோரினை "முறிக்க" என்று வினிகர் ஊற்றினேன். யாரோ சொன்னார்கள், நானும் இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஊற்றிய மறு நொடி மூக்கும் தொண்டையும் எரிந்தன. ஹைப்போகுளோரைட்டில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயுதான் வரும். கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அன்று இரவு முழுவதும் இருமல்.

வாயு மட்டுமல்ல கெடுதல். ஹைப்போகுளோரைட் பருத்தியை அதிகமாகச் சிதைப்பது, கரைசல் அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக்கு அருகில் வரும்போது. வினிகர் அதைக் கொண்டுபோய் நிறுத்துவதும் அங்கேதான். முறிக்கவில்லை, கூர் தீட்டியிருக்கிறேன்.

நான் சொல்லிக் கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். அம்மோனியாவும் சேர்க்காதீர்கள், குளோரமின் வரும். அதுவும் நுரையீரலுக்கு எமன்.

பிப்ரவரி 6

"சரி, பிறகு எதனால் முறிப்பது?" என்ற கேள்விக்கு. சோடியம் தயோசல்ஃபேட் அல்லது சோடியம் மெட்டாபைசல்ஃபைட், கொஞ்சம் போதும். இரண்டும் கிடைக்காவிட்டால் மருந்துக் கடையின் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு. எல்லாமே, துணியை முதலில் நன்றாக அலசிய பிறகு.

எனக்குப் பிடித்தது பெராக்சைடு. துணியில் குளோரின் மிச்சமிருந்தால் குமிழ் விடும். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு உப்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் ஆகிவிடும். குமிழ் நின்றால் வேலை முடிந்தது. கண்ணால் பார்க்கக்கூடிய கணக்கு.

வெறும் தண்ணீரில் அலசினால் போதாதா என்றால், மெல்லிய துணிக்குப் பெரும்பாலும் போதும். தடித்த தையல் மடிப்புகளில் தங்கிவிடும். சட்டைகள் மடிப்பிலிருந்து விட்டுக்கொடுப்பது இதனால்தான்.

பிப்ரவரி 9

ஹைட்ரோஸ்.

சாயப்பட்டறைகளில் அப்படித்தான் சொல்வார்கள். முழுப் பெயர் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், வேதியியல் புத்தகத்தில் சோடியம் டைத்தயோனைட். "நிறம் நீக்கி" என்று பொட்டலத்தில் வரும் தூள்கள் பலவற்றிலும் இதுவும் சலவை சோடாவும்தான். ப்ளீச் ஆக்சிஜனை ஏற்றிச் சாயத்தை உடைக்கிறது. இது நேர் எதிர், ஆக்சிஜன் ஒடுக்கம். இன்றைய சாயங்களில் பெரும் பகுதி அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் பாலம்போல நடுவில் நிற்கும், நிறம் அந்தப் பாலத்தால் வருவது. ஹைட்ரோஸ் பாலத்தை அறுத்துவிடும். இரண்டு துண்டுகளுக்கும் நிறமில்லை, திரும்ப ஒட்டுவதும் இல்லை. செல்லுலோஸைக் கடிப்பதில்லை என்பதால் பருத்திக்கு இது எவ்வளவோ மேல்.

நான் செய்யும் விதம். எவர்சில்வர் பாத்திரம், அலுமினியம் கூடாது, பிறகு சமையலுக்கும் கூடாது. துணி தாராளமாகப் புரளும் அளவு நீர். 70 டிகிரி வந்ததும் லிட்டருக்கு 5 கிராம் சலவை சோடா. ஏற்கெனவே நனைத்து வைத்த துணியைப் போட்டுவிட்டு, கடைசியில் லிட்டருக்கு 5 கிராம் ஹைட்ரோஸ். பிறகு நிதானமாகப் புரட்ட வேண்டும். கலக்கு கலக்கென்று கலக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனே பாதி மருந்தைத் தின்றுவிடும். பதினைந்து நிமிடம் முதல் அரை மணி. கம்பளிக்கும் பட்டுக்கும் சோடா ஆகாது.

நாற்றம் அடிக்கும். கந்தக டை ஆக்சைடு. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டுக்குள் இதைத் தொடவே வேண்டாம். ப்ளீச் மிச்சமுள்ள பாத்திரத்தில் ஹைட்ரோஸைப் போடாதீர்கள். ஒன்று ஏற்றுவது, மற்றது ஒடுக்குவது, இரண்டும் சந்தித்தால் சூடு கிளம்பும், வாயு கிளம்பும். வினிகரும் இங்கே ஆகாது.

தூளைச் சேமிப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் இது. ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள், குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். பழைய தூள் எப்படியும் வேலை செய்யாது. நான் ஒருமுறை ஒன்றரை வருடப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு, துணியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9, இரவு

எழுத மறந்தது: இது சட்டையின் எல்லாச் சாயத்தையும் எடுக்கும். வெள்ளையில் நீலக்கோடு போட்ட சட்டையில் ரோஜா நிறத்தை மட்டும் எடுக்க ஹைட்ரோஸ் போட்டால் கோடும் போகும். அதற்குக் கண் கிடையாது.

பிப்ரவரி 10

"ஜீன்ஸ் ஹைட்ரோஸில் அருமையாக வெளுக்கும்" என்று வேறொரு கேள்வி-பதிலில் சென்ற வருடம் எழுதியிருந்தேன். ஒருவர் அதைத் தேடிப்பிடித்து, "நான் போட்டேன், பச்சையானது, பிறகு பழையபடி நீலமாகிவிட்டது, என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நான் வெளுத்த ஜீன்ஸை ஈரத்தில் பார்த்துவிட்டு உற்சாகத்தில் எழுதியது அது. காய்ந்த பிறகு எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஜீன்ஸின் நீலம் அவுரி. இன்று ஆலையில் தயாராவதுதான், ஆனாலும் அதே மூலக்கூறு. அவுரியை ஹைட்ரோஸ் அறுப்பதில்லை, ஒடுக்கி நீரில் கரையும் வெளிர்மஞ்சள் வடிவமாக மாற்றுகிறது. காற்றுப் பட்டதும் அது திரும்ப நீலமாகும். இது குறையல்ல, அவுரி முறைப்படி ஏற்றப்படுவதே இப்படித்தான். சாயம் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓர் அவுரித் தொட்டி வைத்திருக்கிறோம்.

அவுரியை எடுக்க வேண்டுமென்றால் துணியைத் தூக்கிக் காற்றில் காட்டாமல், கரைந்த நிலையிலேயே நீரை வடித்து, புது ஹைட்ரோஸ் நீரில் மறுபடி போட வேண்டும். அவுரிக்குக் குளோரின்தான் பகை. அது மூலக்கூறையே உடைத்துவிடும், திரும்ப வராது. துணிக்கு என்ன ஆகும் என்பதை 5ஆம் தேதிக் குறிப்பில் பார்க்கவும்.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

அவுரி என்றதும் சாயத்தொட்டியில் விழுந்த நரியின் கதை நினைவுக்கு வந்தது. மழை பெய்ததும் நீலம் கரைந்து குட்டு வெளிப்பட்டது என்று எங்களுக்குச் சொன்னார்கள். எனக்கு இப்போது நரியின் பக்கம் பேச வேண்டும். தொட்டிக்குள் இருக்கும்போது அவுரிக்கு நீலமே கிடையாது. நரி மஞ்சளும் பச்சையுமாக வெளியே வந்து, ஓட ஓடக் காற்றில் நீலமாகியிருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்த விலங்குகள் ராஜாவாக ஏற்றதில் ஆச்சரியமில்லை. நீலமான பிறகு அவுரி நீரில் கரையாது. விலங்கு முடி கம்பளிபோலப் புரதம், அவுரி நன்றாகவே பிடிக்கும். ஒரு மழைக்குப் போயிருக்காது. நரி ஊளையிட்டு மாட்டிக்கொண்டது என்ற வடிவம்தான் வேதியியலுக்குப் பொருந்துகிறது.

பிப்ரவரி 14

கறுப்பு.

"சாயம் வெளுத்துவிட்டது" என்று மனிதர்களைப் பற்றிச் சொல்கிறோம். கறுப்புத் துணியை வெளுத்துப் பார்த்தவர்தான் இந்தச் சொற்றொடரை உண்டாக்கியிருக்க வேண்டும். கறுப்புக்குள் என்ன இருக்கிறது என்று வெளுக்கும்வரை தெரியாது. மூன்று பழைய கறுப்புப் பருத்திச் சட்டைகளில் கை வைத்தேன். ஒன்று நீர்த்த ப்ளீச்சில் செங்கல் நிறமாகி அங்கேயே நின்றது. இன்னொன்று ஹைட்ரோஸில் வெளிறிய மணல் நிறம் வரை போனது, அழகாகவே இருந்தது. மூன்றாவது ஹைட்ரோஸில் பச்சை கலந்த சாம்பலாக மாறி எனக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு, கொடியில் காயும்போது மெல்ல மெல்லக் கறுத்தது. அது அவுரியின் உறவு, கந்தகச் சாயமாகவோ வேறு தொட்டிச் சாயமாகவோ இருக்க வேண்டும். ஒடுங்கும், காற்றில் மீளும்.

மூன்றும் கடையில் ஒரே கறுப்பாக இருந்தவை.

பிப்ரவரி 15

அதனால்தான் சொல்கிறேன், சோதனைத் துண்டு வையுங்கள். தையல் மடிப்பின் உள்ளிருந்து நகக்கண் அளவு கத்தரித்தால் போதும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஹைட்ரோஸ் வெந்நீர், இன்னொன்றில் நீர்த்த ப்ளீச். பத்து நிமிடம். பிறகு அலசி, காயவிட்டு, மறுநாள் பாருங்கள். மறுநாள் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கொடியில் கறுத்த சட்டை கற்றுத்தந்த பாடம்.

இதை நான் செய்யத் தொடங்கியது ஏழாவது துணியில். அதற்கு முன் ஆறு துணிகள் முழு அளவிலேயே சோதனைத் துண்டுகளாக இருந்தன.

கேள்வி கேட்டவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், லேபிளைப் பார்த்தீர்களா? அதில் முக்கோணம் ஒன்று இருக்கும். வெறும் முக்கோணமானால் எந்த ப்ளீச்சும் தாங்கும். உள்ளே இரண்டு சாய்கோடுகள் இருந்தால் ஆக்சிஜன் ப்ளீச் மட்டும். மேலே பெருக்கல் குறி போட்டிருந்தால் எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 17

பச்சை பற்றி நல்ல செய்தி.

இன்னொரு பச்சைச் சட்டையின் துண்டை ஹைட்ரோஸில் போட்டேன். முதல் சட்டையில் நடந்ததற்கு நேர் எதிராக, மஞ்சள் காணாமல் போய்த் துல்லியமான வெளிர்நீலம் மிஞ்சியது. சில பச்சைகளில் நீலப் பங்குக்கு, நடுவில் செம்பு அணு வைத்த தாலோசயனின் வகையைச் சேர்க்கிறார்கள். கடல்நீலமாக மின்னும். அதில் அறுப்பதற்கு அசோ பாலம் கிடையாது, ஹைட்ரோஸைப் பார்த்து அது சிரிக்கும்.

கேள்வி கேட்டவர் பச்சையை வெள்ளையாக்கி இளநீலம் ஏற்ற ஆசைப்பட்டார். அவர் சட்டையில் அந்த நீலம் இருக்குமானால் வெள்ளையாக்க முடியாது, ஆனால் இளநீலம் இலவசம். இருக்குமா என்று நகக்கண் அளவுத் துண்டைத்தான் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 21

பாலியஸ்டர் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நான் தள்ளிப்போட்டதற்குக் காரணம், சொல்ல நல்ல செய்தி இல்லை.

ஆலையில் பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றுவது அழுத்தக் கலத்தில், 130 டிகிரி அளவில். அந்தச் சூட்டில் இழை நெகிழும், சாயம் உள்ளே நுழையும், ஆறியதும் இழை இறுகி மூடிக்கொள்ளும். வீட்டுப் பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. கதவைத் திறக்கவே முடியாத வீட்டுக்குள் இருப்பவரை எப்படிக் கிளப்புவது? குளோரின் போட்டால் சாயம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், வெள்ளைப் பாலியஸ்டர் மஞ்சளடிக்கும்.

பருத்தியும் பாலியஸ்டரும் பாதிப் பாதி என்றால் பருத்திப் பாதி வெளுக்கும், மற்றது வெளுக்காது. பழைய சலவையின் மங்கல் வரும். சிலருக்கு அது பிடிக்கும். பருத்திச் சட்டையிலேயே தையல் நூல் பாலியஸ்டராக இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். என் மணல்நிறச் சட்டையில் தையல் எல்லாம் கறுப்பாக நிற்கிறது. முதலில் வருத்தப்பட்டேன், இப்போது வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

அச்சிட்ட படங்கள் கதையே வேறு. அவற்றில் பலவும் சாயமல்ல, பசையால் ஒட்டிய நிறமி. நிறம் நீக்கி அவற்றைச் சீண்டாது.

லேபிள் இல்லாத துணிக்கு: சில நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாகும். பட்டும் கம்பளியும் தலைமுடி கருகும் நாற்றம் அடிக்கும், மிச்சம் விரலில் நொறுங்கும்.

மார்ச் 1

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளோரினைத் திட்டித் திட்டி எழுதிவிட்டு, அது வருவதற்கு முன் எப்படி வெளுத்தார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் காரநீரில் வேகவைத்து, புளித்த பாலில் ஊறவைத்து, புல்வெளியில் விரித்து வெயிலில் போட்டு, திரும்பத் திரும்ப, மாதக்கணக்கில். 1774இல் ஷீலே குளோரினைக் கண்டார். 1785இல் பெர்த்தோலே அது துணியை வெளுக்கும் என்று காட்டினார். 1799இல் டென்னன்ட் வெளுப்புத் தூளுக்குக் காப்புரிமை வாங்கினார். இருபத்தைந்து வருடத்தில் மாதங்கள் மணிகளாகிவிட்டன.

அவர்கள் வெளுத்தது பெரும்பாலும் நூலின் இயற்கையான பழுப்பை. நாம் சண்டை போடுவது சண்டைக்கென்றே வளர்க்கப்பட்ட சாயங்களோடு. 1856இல் பெர்கின் செயற்கை ஊதாவைக் கண்டதிலிருந்து ஒரு நூறு வருடம், சாயம் போகாமல் இருப்பதற்காகவே உழைத்திருக்கிறார்கள். 1956இல் வந்த வினைபுரி சாயங்கள் பருத்தியோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கின்றன. துணியின் மேல் இருப்பதில்லை, துணியாகவே ஆகிவிடுகின்றன. ஒரு நூற்றாண்டு உழைப்பை ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் கழுவிவிடப் பார்க்கிறோம், போகவில்லை என்று கோபமும் படுகிறோம்.

மார்ச் 8

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் இதைச் செய்யலாமா வேண்டாமா, ஒரே முடிவாகச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். கணக்கைச் சொல்கிறேன். இதுவரை பதினொரு துணி. நான்கு நான் நினைத்தபடி வந்தன. மூன்று நினைக்காத நிறத்தில் வந்து நன்றாக இருந்தன. இரண்டு மாறவே இல்லை. இரண்டு துடைக்கும் துணியாயின, இரண்டும் குளோரின். வெள்ளை வேண்டும் என்று தொடங்கியவற்றில் உண்மையாகவே வெள்ளையானது ஒன்றே ஒன்று.

ஆகவே இலக்கு வெள்ளையானால் என்னிடம் ஊக்கம் எதிர்பார்க்காதீர்கள். இலக்கு "இதைவிட வெளிர்" என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இலக்கு வேறு நிறம் என்றால் எடுக்காமலே அடர்ந்த நிறத்தை மேலே ஏற்றுவதுதான் பாதி வேலை, கால்வாசி ஆபத்து. பச்சையின் மேல் கருநீலம் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

எடுத்துவிட்டுத்தான் ஏற்றுவேன் என்பவர்களுக்கு: ஹைட்ரோஸ் துளி மிஞ்சினாலும் புதுச் சாயத்தையும் அது அறுக்கும். இரண்டு முறை சோப்பு நீரில் வெந்நீர்ச் சலவை, பிறகு சாயம். எனக்கு ஒருமுறை நீலம் ஏற்றிய இடத்தில் மேகம் மேகமாக வெள்ளை விழுந்தது. கலை என்று சொல்லிச் சமாளித்தேன், யாரும் நம்பவில்லை.

உலோகப் பொத்தான், ஜிப் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். குளோரின் அரிக்கும், ஹைட்ரோஸ் பித்தளையைக் கறுக்கவைக்கும்.

மார்ச் 15 (கேள்வி கேட்ட வாசகர்)

தாமதத்துக்கு மன்னிக்கவும். வெந்நீரிலும் சலவைத் தூளிலும் ஆறு முறை, பிறகு ஆக்சிஜன் ப்ளீச்சில் ஓர் இரவு. சட்டை வெள்ளையாகிவிட்டது. பச்சைச் சட்டையை இன்னும் தொடவில்லை, பயமாக இருக்கிறது. ஒரே ஒரு குறை. சட்டையின் லேபிள் மட்டும் ரோஜா நிறத்திலேயே நிற்கிறது. எத்தனை முறை துவைத்தாலும் போகவில்லை. அதை எதில் எடுப்பது?

மார்ச் 15, இரவு

லேபிள் நைலானாக இருக்கும். தண்ணீரில் யாருடைய சாயம் வந்தாலும் நைலான் வாங்கி வைத்துக்கொள்ளும், எளிதில் திருப்பித் தராது. கத்தரித்துவிடுங்கள்.

கத்தரிப்பதற்கு முன் அதில் என்ன துணி என்று போட்டிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள். பிப்ரவரி 2லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.